துபாஷியை நம்பிய ஆராய்ச்சி

அமெரிக்க சர்வகலாசாலைகளில் பிற தேசத்துப் பாஷைகளைக் கற்பிப்பதற்கென்று 1958-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றின் பேரால் அந்நாட்டு ராஜாங்கம் அளித்து வந்த உதவித்தொகை 2025-ம் வருஷத்தில் நிறுத்தப்பட்டது. அந்தத் தொகையால் வளர்ந்த பாஷைகளில் நமது தமிழும் ஒன்று. அது மறுபடி தழைப்பதும் பட்டுப்போவதும் அந்நாட்டார் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம். ஆனால் இந்தச் செய்தியைப் படித்தபோது நம் மனம் வாஷிங்டனுக்குப் போகவில்லை, சிவகாசிக்குப் போயிற்று. அதன் காரணத்தை நேயர்களுக்குச் சொல்லுகிறோம்.

ஒரு தேசத்தின் சரித்திரம், அரசியல், பொருளாதாரம், ஜனங்களின் நடையுடை பாவனை ஆகிய எல்லாவற்றையும் அத்தேசத்தின் பாஷையோடு சேர்த்துக் கற்பது பிரதேச ஆராய்ச்சி எனப்படும். இரண்டாவது மகாயுத்தம் முடிந்ததும் அமெரிக்கர் இதில் முனைந்தார்கள். தென்னாசியாவைப் பற்றி இத்தகைய படிப்பை 1948-ல் பென்ஸில்வேனியா சர்வகலாசாலை தொடங்கிற்று. 1957-ல் ருஷியர்கள் ஆகாயத்தில் செயற்கைச் சந்திரனை ஏவியதும் அமெரிக்காவுக்குத் திகில் பிடித்தது. மறு வருஷமே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. சட்டத்தின் பெயரிலேயே அதன் உள்நோக்கம் இருக்கிறது. பிறர் பாஷையைக் கற்பது அவர்களுக்குப் பீரங்கி வார்ப்பதைப் போன்ற ஒரு காரியம்.

உள்நோக்கம் எதுவாயினும் காரியம் நடந்தது. 1962-ல் ஏ. கே. ராமானுஜன் சிகாகோ சர்வகலாசாலையில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கே தமிழ் வேரூன்றியது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அறிஞர் தமிழ்நாட்டு நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூல் 1969-ல் கலிபோர்னியாவில் அச்சாயிற்று. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களின் பேட்டைகளும், உறவின்முறைகளும், 1899-ம் வருஷத்துச் சிவகாசிக் கலகமும் அந்நூலில் இடம் பெற்றன. நமது ஜில்லாவின் கடைவீதி கடல் கடந்து ஒரு சர்வகலாசாலையின் பாடமாகிவிட்டது.

அந்தப் பாடத்தில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம்: மகமை. இதை இங்கிலீஷில் என்னவென்று சொல்வது? வரி என்றால் அரசாங்கம் போட்டதாக அர்த்தமாகும், போட்டவர்கள் வியாபாரிகளே. தருமம் என்றால் கொடுப்பவன் இஷ்டம் என்றாகும். மகமை கொடுக்க மறுத்தவன் ஊரில் வியாபாரம் செய்ய முடியாது. சந்தா என்றால் அங்கத்தினர் சங்கத்துக்குச் செலுத்துவது. மகமையோ வாங்கி விற்கிற மூட்டைக்கு இத்தனை என்று சரக்கின் மீது விழுவது. இப்படி மூட்டை மூட்டையாகச் சேர்ந்த பணந்தான் 1889-ல் விருதுநகரில் க்ஷத்ரிய வித்தியாசாலையாக எழுந்து நின்றது. இச்சொல்லின் பொருளை அகராதியில் காண முடியாது. கணக்குப்பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்டால் தெரியும், கேட்பதற்குத் தமிழ் வேண்டும். இந்த ஒரு சொல் விளங்காதவனுக்கு மழை குறைந்த கரிசல் பூமியில் இத்தனை பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் எப்படி முளைத்தன என்பது என்றைக்கும் விளங்காது.

பாஷை தெரிந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. கால்டுவெல் பாதிரியாரைவிடத் தமிழில் ஆழ்ந்த ஐரோப்பியர் எத்தனை பேர்? அவரே 1849-ல் திருநெல்வேலிச் சாணார்கள் என்று தலைப்பிட்டு எழுதிய சிறு நூலில் ஒரு சமூகத்தையே தாழ்த்தி எழுதினார். பிற்காலத்தில் அச்சமூகத்தார் அதை வன்மையாகக் கண்டித்தார்கள். அவர்கள் கண்டிக்க முடிந்தது எப்படி? தங்களைப் பற்றி இங்கிலீஷில் எழுதப்பட்டதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள் தோன்றியபடியால்தான். நம்மைப் பற்றிப் பிறர் எழுதுவதைப் படிக்கவும், பிறரைப் பற்றி நாம் எழுதவும் வேண்டுமானால் பாஷை என்ற ஆயுதம் இரு தரப்பிலும் இருக்கவேண்டும். ஒரு தரப்பில் மட்டும் இருந்தால் அது ஆராய்ச்சி ஆகாது, வேவு பார்த்தலாகும்.

இதில் வெள்ளைக்காரன் கெட்டிக்காரன். ஆரம்பத்தில் அவன் துபாஷியை நம்பித்தான் வியாபாரம் செய்தான். புதுச்சேரியில் டூப்ளே துரையின் காதும் வாயுமாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷிக்குத் தெரிந்தது துரைக்குத் தெரியாது. துரை சொன்னதில் எவ்வளவு ஜனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் துபாஷிக்கே வெளிச்சம். இந்த ஏற்பாடு ஆளுகிறவனுக்கு ஆபத்து என்று கம்பெனியார் கண்டுகொண்டார்கள். 1812-ல் சென்னைக் கோட்டையின் பேரால் ஒரு கல்லூரி வைத்து, எல்லிஸ் துரை முன்னின்று, புதிதாக வரும் உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பித்தார்கள். அந்தக் கல்லூரியிலிருந்துதான் 1816-ல் தென்னாட்டுப் பாஷைகள் ஒரு தனிக் குடும்பம் என்ற எல்லிஸின் முடிவும் வெளிவந்தது. ஆள்வதற்காகக் கற்றார்கள், கற்றதில் அறிவும் விளைந்தது.

சுதந்திரம் வந்த பிறகும் இந்தக் கதை நிற்கவில்லை. பஞ்ச காலத்தில் அமெரிக்காவிடம் நாம் வாங்கிய கோதுமைக்கு ரூபாயாகக் கட்டிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் நம் தேசத்துப் புத்தகங்களை அவர்கள் தங்கள் நூல் நிலையங்களுக்கு வாங்கிக் குவித்தார்கள். நாம் கோதுமையைத் தின்று தீர்த்தோம். அவர்கள் நம் புத்தகங்களைப் பத்திரப்படுத்தினார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை அவர் காலத்துக்குப் பின் 1994-ல் சிகாகோ சர்வகலாசாலை விலைக்கு வாங்கிச் சென்னையிலேயே வைத்தது நம் பாக்கியம். ஜப்பானிலிருந்து நொபோரு கராஷிமா 1960-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, தமிழ் கற்று, சோழர் கல்வெட்டுகளை ஒன்று விடாமல் எண்ணி அட்டவணைப்படுத்தி, நிலம் யார் கையில் இருந்தது என்று நமக்கே எடுத்துச் சொன்னார். ஜப்பானிய பாஷை கற்று அந்நாட்டு நிலக் கணக்குகளைத் தடவிப் பார்த்த தமிழர் ஒருவரை நேயர்கள் நமக்குக் காட்டுவார்களா?

சிவகாசிக்கு வருவோம். 1922-ல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். ஸ்வீடன் தேசத்துப் பெருங்கம்பெனி மறு வருஷமே இந்தியாவில் யந்திரத் தீப்பெட்டிச் சாலை வைத்தது. கையால் செய்த சிவகாசிப் பெட்டி அதற்கு ஈடுகொடுத்து நின்றது. கண்ணால் பார்த்துக் கையால் செய்து கற்கிற தொழிலுக்கு அன்று அந்தப் பிரயாணம் போதுமாயிருந்தது. இன்றைக்குப் போதாது. இன்று சிவகாசியின் விதியோடு பின்னிக் கிடப்பது சீன தேசம்.

உலகத்தில் பட்டாசு செய்வதில் சீனம் முதல், நாம் இரண்டாவது. ஹூனான் மாகாணத்தில் லியுயாங், லீலிங், பக்கத்து ஜியாங்ஸியில் வான்ஸாய் என்று தொடர்ச்சியாக ஊர்கள். நம் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை போலவே ஊருக்கு ஊர் இதே தொழில். அங்கிருந்து அனுமதியில்லாமல் வரும் பட்டாசைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்க இலாகாவினர் பலமுறை பிடித்திருக்கிறார்கள். சீன லைட்டர் வந்து தீப்பெட்டியின் வயிற்றில் அடித்தது. தொழிலாளரும் முதலாளிகளும் ஒரே குரலாகக் கூவியபின், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய சர்க்கார் 2023 ஜூன் மாதத்தில் தடுத்தார்கள். தடை கேட்கத் தெரிந்த நமக்கு, எதிரே நிற்கிறவன் யார், அவன் தொழிற்சாலை எப்படி நடக்கிறது, அவன் கூலி என்ன, அவனுக்கு அவன் சர்க்கார் என்ன சட்டம் போட்டிருக்கிறது என்பதெல்லாம் தெரியுமா? தெரிந்தது அவ்வளவும் இங்கிலீஷில் சீனர்களே எழுதி அனுப்புகிற விலைப்பட்டியல்.

உயிர் சம்பந்தமான விஷயம் ஒன்று சொல்லுகிறோம். பொட்டாசியம் குளோரேட் என்ன செய்யும் என்பது தீக்குச்சிக்கு மருந்து முக்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது கந்தகத்தோடு கலந்தால் லேசான உராய்வும் போதும், அறை பறந்துவிடும். பட்டாசில் இந்தச் சேர்க்கையை இந்திய சர்க்கார் 1992-ல் தடுத்துவிட்டார்கள். பெர்குளோரேட் என்பது வேறு பொருள், அதைவிட அடக்கமானது. சீன எழுத்தில் குளோரேட்டுக்கும் பெர்குளோரேட்டுக்கும் உள்ள வித்தியாசம் முன்னால் நிற்கும் ஒரே எழுத்து. 'காவ்' என்று வாசிக்கப்படுவது, 'உயர்' என்று பொருள்படுவது. மூட்டையின் மேல் அந்த எழுத்து இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தெரிந்தவர் நமது ஜில்லாவில் எத்தனை பேர்? 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் எத்தனை குடும்பங்கள் ஒரே நாளில் அழிந்தன என்பதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். லியுயாங்கிலும் விபத்துக்குப் பஞ்சமில்லை. 2019 டிசம்பரில் அங்கே நடந்த வெடிவிபத்தில் மாண்டவர் 7 பேர் என்று முதலில் சொல்லி, உண்மையில் 13 பேர் என்று பின்னர் விசாரணையில் அம்பலமாயிற்று. கணக்கை மறைக்கும் வித்தை எந்தத் தேசத்துக்கும் சொந்தமில்லை போலும்! அந்த விசாரணையின் விவரம், சீனப் பட்டாசுக்கான ஜி.பி. 10631 என்ற தரக் கட்டளை, மாகாண அதிகாரிகளின் உத்தரவுகள், உள்ளூர்ப் பத்திரிகைகள் எல்லாம் சீன பாஷையில் கிடக்கின்றன.

2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்துத் தீர்ப்பளித்தபோது ஜில்லா முழுவதும் திகைத்து நின்றது. பீகிங் நகரம் பட்டாசை 1993-ல் தடுத்து, 2005-ல் தளர்த்தி, 2018-ல் நகரின் உட்பகுதியில் மறுபடி தடுத்திருக்கிறது. கால் நூற்றாண்டு அநுபவம்! அந்நகரத்து ஜனங்கள் என்ன பேசினார்கள், தொழிலாளருக்கு என்ன ஏற்பாடு நடந்தது, புகை எவ்வளவு குறைந்தது என்று அவர்கள் பாஷையிலேயே படித்துத் தமிழில் எழுதிய ஆராய்ச்சி ஒன்றும் நம் கண்ணில் படவில்லை.

இங்கிலீஷ் போதாதா, கைப்பேசியே இப்போது மொழிபெயர்த்துக் கொடுக்கிறதே என்பார்கள். கைப்பேசி சொல்லுக்குச் சொல் கொடுக்கும். எந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று சொல்லிக் கொடுக்காது. மகமையைத் தெரியாதவன் மகமையைப் பற்றிக் கேட்பானா? வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு மொழிபெயர்ப்பின் லீலைகள் புதிதல்ல. ஜில்லாக் கோர்ட்டில் சாட்சி தமிழில் இழுத்து, தயங்கி, "இருக்கலாமுங்க" என்று சொன்னது மேல் கோர்ட்டுக் கட்டுக்குள் இங்கிலீஷில் போகும்போது "ஆம்" என்று நிமிர்ந்து நிற்கும். அந்த ஒரு சொல்லில் வழக்கே போய்விடும். பாஷை தெரிந்த வக்கீல் மூலத்தைப் புரட்டிக் காட்டினால்தான் நியாயம் பிழைக்கும். ஆராய்ச்சிக்கும் இதே விதி. சீன தேசத்துக்கு யந்திரம் வாங்கப் போகிற நம் வியாபாரிக்கு வழித்துணையாக வருகிற துபாஷி யாருடைய ஆள்? விற்கிறவனுடைய ஆள்!

இனி, நமது சர்வகலாசாலைகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். 1937-ல் ரவீந்திரநாதர் சாந்திநிகேதனத்தில் சீன பவனம் அமைத்தார், வழி காட்டியாயிற்று. ஆயினும் 1962-ல் சீனப் படை மலையேறி வந்த பிறகுதான் தேசத்துக்கு விழிப்பு வந்தது; டில்லி சர்வகலாசாலையில் 1964-ல் சீன ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. சர்வதேச விவகாரங்களுக்காக 1955-ல் ஏற்பட்ட பள்ளி 1970-ல் ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையோடு இணைந்தது. அங்கே பாஷைக்கு ஒரு பள்ளி, தேச ஆராய்ச்சிக்கு ஒரு பள்ளி. இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் போலத்தான்.

கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். தங்கள் ஸ்தானீகர்களுக்குப் பாஷை கற்பிக்கும் அமெரிக்கப் பாடசாலை, தமிழுக்குச் சுமார் 1100 மணி நேரமும் சீனத்துக்கு 2200 மணி நேரமும் வகுப்பு வேண்டுமென்று மதிப்பிட்டிருக்கிறது. நம் கல்லூரியில் ஒரு பாஷைக்கு வாரம் 5 மணி, வருஷத்தில் 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் 150 மணி ஆகிறது. இந்த வேகத்தில் சீனம் கற்றுமுடிக்க 14 வருஷத்துக்கு மேல் வேண்டும். இரண்டு வருஷத்து எம்.ஏ. படிப்பில் பாஷையை ஓர் உபரிப் பாடமாக ஒட்டவைத்து விட்டுச் சீன ஆராய்ச்சி என்று பெயர் சூட்டுவது பையன்களையும் ஏமாற்றுவது, நம்மையும் ஏமாற்றிக்கொள்வது. பிரெஞ்சு பாஷை மார்க்கு வாங்க எளிது என்று அதை எடுத்துப் பாஸ் செய்த மாணவர்களை நேயர்கள் அறிவார்கள். ஒரு பிரெஞ்சுக் கடிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஊன்றிக் கற்கிறவர்கள் இல்லாமலில்லை. சென்னையில் ஜப்பானிய வகுப்புகளும் ஜெர்மன் வகுப்புகளும் நிரம்பி வழிகின்றன. அவர்கள் கம்பெனி உத்தியோகத்துக்குப் போகிறார்கள். போகட்டும், அது அவர்கள் பிழைப்பு. ஆராய்ச்சிக்கு வருகிறவனுக்குப் பாஷை இல்லை, பாஷை கற்றவன் ஆராய்ச்சிக்கு வருவதில்லை. ஆறு வருஷம் கஷ்டப்பட்டுச் சீனம் கற்றவனுக்கு எந்தக் கல்லூரியில் ஸ்தானம் காத்திருக்கிறது? ஹார்வர்டில் தமிழ்ப் பீடம் அமைப்பதற்கு 2017-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் 10 கோடி ரூபாய் கொடுத்தது. அதை நாம் குறை கூறவில்லை. பிறர் தமிழ் கற்பதற்கு 10 கோடி கொடுத்த கை, தமிழன் பிறர் பாஷை கற்பதற்கு எவ்வளவு கொடுத்தது என்று கேட்கிறோம்.

சீனத்தை விடுங்கள். முப்பது மைல் கடலுக்கு அப்பால் இருக்கிறது இலங்கை. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது முதல் அந்தத் தீவைப் பற்றி நாம் பேசாத மேடை இல்லை, எழுதாத தலையங்கம் இல்லை. சிங்களப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ராஜீயவாதிகளில் எத்தனை பேர்? எதிரி என்று நினைத்தாலும், அண்டைவீட்டான் என்று நினைத்தாலும், அவன் தன் வீட்டுக்குள் என்ன பேசிக்கொள்கிறான் என்பது நமக்குத் தெரிய வேண்டாமா? பர்மாவுக்கும் மலாய் நாட்டுக்கும் போன நம் வட்டிக்கடைப் பையன்கள் எந்த சர்வகலாசாலையிலும் கால் வைக்காமலே அந்தந்த ஊர்ப் பாஷையைப் பேசினார்கள். கடன் வசூலாகவேண்டுமே!

விருதுநகரில் 1947 முதல் செந்திக்குமார நாடார் கல்லூரியும், சிவகாசியில் 1963 முதல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், 1968 முதல் ராஜரத்தினம் பெண்கள் கல்லூரியும் இருக்கின்றன. மூன்றும் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் சுதந்திரம் பெற்றவை. மதுரைக் காமராஜர் சர்வகலாசாலை அருகிலேயே இருக்கிறது. டில்லி வந்து செய்யட்டும் என்று இவர்கள் காத்திருக்கவேண்டிய அவசியம் என்ன? மூன்று கல்லூரிகளும் கூடி வருஷத்துக்கு ஐந்து மாணவரைப் பொறுக்கி எடுக்கட்டும். ரஸாயனம் படித்தவர் இருவர், பொருளாதாரம் படித்தவர் இருவர், சரித்திரம் படித்தவர் ஒருவர். முதல் இரண்டு வருஷமும் வாரம் 20 மணி, வருஷம் 40 வாரம் சீன பாஷையே படிக்கட்டும். 1600 மணி ஆயிற்று. பாக்கி 600 மணியை ஹூனான் மாகாணத்துச் சர்வகலாசாலை ஒன்றில் ஒரு வருஷம் தங்கி முடிக்கட்டும். அங்கிருந்தே லியுயாங்கைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கலாம். பட்டாசு அறைகளிலும் தீப்பெட்டிக் கட்டுகளிலும் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்களாதலால், ஐவரில் இருவராவது பெண்களாக இருக்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். லியுயாங்கில் மருந்து இடிக்கிற பெண்ணிடம் அவர்களுக்குக் கேட்கத் தோன்றுகிற கேள்வி நமக்குத் தோன்றாது.

ஆசிரியருக்குச் சம்பளம், ஐந்து பேருக்குப் படிப்புச் செலவு, கப்பலோ விமானமோ ஒரு பிரயாணம் - இதற்கு மேல் செலவில்லை. தொழிலதிபர்கள் ஏற்றுமதிப் பெட்டிக்கு இத்தனை காசு என்று மகமை வைத்தால் ராஜாங்கத்தின் வாசலில் நிற்கவேண்டியதில்லை. 1889-ல் பருத்தி மூட்டையின் மேல் வைத்தவர்கள் எவர் வாசலிலும் நிற்கவில்லை. இக்கல்லூரிகளின் பாடத்திட்ட சபைகள் அடுத்த முறை கூடும்போது இந்தத் தீர்மானத்தை யாராவது ஓர் அங்கத்தினர் கொண்டுவரட்டும். ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார், எதிர்த்ததற்குக் காரணம் என்ன என்பதை முழுமையாகப் பிரசுரிப்பதற்கு நமது பத்திரிகையில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.